நடுக்கடலில் லேப்டாப்: கப்பல் வைஃபை எங்கிருந்து வருகிறது, எங்கே திணறுகிறது

சொகுசுக் கப்பலில் இடம் பதிவு செய்பவர்கள் இப்போதெல்லாம் சாப்பாடு, கேபின், துறைமுகம் பற்றி விசாரித்த கையோடு இன்னொன்றையும் கேட்கிறார்கள். "வைஃபை இருக்குமா? லேப்டாப் எடுத்துப்போனால் இரண்டு நாள் ஆபீஸ் வேலையைப் பார்த்துவிடலாமா?" பயண ஏஜென்ட் "இருக்கும்" என்பார். அது பொய்யில்லை, ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பி திங்கட்கிழமைக் காலை மீட்டிங்கை ஒப்புக்கொண்டால் சிக்கல். கப்பல் எந்தக் கடலில் போகிறது, எந்தச் செயற்கைக்கோளோடு பேசுகிறது, அதே நேரத்தில் இன்னும் எத்தனை பேர் இணையத்தில் இருக்கிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் முழுப் பதில் கிடைக்கும்.

வீட்டு வைஃபையில் காற்று வழியாக நடப்பது ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையே உள்ள சில மீட்டர்தான். அதற்குப் பின்னால் கண்ணாடி இழை, கடலடிக் கேபிள் என்று எல்லாமே கம்பி. கப்பல் கேபினுக்குள்ளும் அதே வைஃபைதான் இருக்கிறது, ஆனால் கப்பல் தனக்குப் பின்னால் கம்பியை இழுத்துக்கொண்டு போக முடியாது. கரையை விட்டு நகர்ந்த பிறகு, அதில் இருக்கும் அத்தனை பேரின் மின்னஞ்சலும் வீடியோவும் மேல்தளத்து ஆன்டெனாக்கள் வழியாக வானத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும்.

கப்பலைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது உச்சியில் வெள்ளை உருண்டைகள் தெரியுமே, அவை வெறும் உறைகள். உள்ளே டிஷ் இருக்கிறது. பெரிய கப்பல்களில் 2.4 மீட்டர் விட்டமுள்ள டிஷ்கள்கூட உண்டு. கப்பல் அலையில் உருளும், முன்னும் பின்னும் ஆடும், திசை திரும்பும். டிஷ் மட்டும் வானத்தில் ஒரே புள்ளியைப் பார்த்தபடி நிற்க வேண்டும். கைரோ உணரிகள் ஆட்டத்தை அளந்து சொல்ல, மோட்டார்கள் நொடிக்கு நொடி டிஷ்ஷை எதிர்ப்பக்கம் திருப்புகின்றன. ஒரு டிகிரிக்கும் குறைவாகக் குறி தவறினாலே சிக்னல் மங்கும், பக்கத்துச் செயற்கைக்கோளுக்கும் இடைஞ்சலாகும். கப்பல் திரும்பும்போது புகைபோக்கியோ கொடிமரமோ குறுக்கே வந்து மறைத்துவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே பெரும்பாலும் இரண்டு டிஷ்களை வெவ்வேறு இடத்தில் வைக்கிறார்கள். ஒன்று மறையும்போது மற்றது ஏற்றுக்கொள்ளும். அந்த மாற்றம் நடக்கும் சில நொடிகளில் உங்கள் வீடியோ கால் உறைந்து நின்றால், காரணம் கப்பல் திரும்பியதாக இருக்கலாம்.

இவ்வளவு கச்சிதமாகக் குறிபார்த்த பிறகும் இணையம் மந்தமாகவே இருந்தது ஏன்? கப்பல் வைஃபையின் பழைய கெட்ட பெயர் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கப்பல்கள் நம்பியிருந்தவை புவிநிலைச் செயற்கைக்கோள்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் அவை வானத்தில் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். ஒரு செயற்கைக்கோளே ஒரு பெருங்கடலின் பெரும்பகுதியைப் பார்த்துவிடும் என்பதால் கடல் தொடர்புக்கு அது பெரிய வசதி. ஆனால் அந்த உயரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்கிறீர்கள். அந்தக் கோரிக்கை கப்பலிலிருந்து மேலே போய், கீழே இணையத்தோடு இணைந்திருக்கும் தரை நிலையத்துக்கு இறங்கி, பதில் அதே வழியில் மேலே ஏறி மறுபடி கீழே வரவேண்டும். மொத்தம் நான்கு முறை அந்த உயரத்தைக் கடக்க வேண்டும், அதாவது 1,43,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒளி வேகத்திலேயே போனாலும் ஏறக்குறைய அரை வினாடி ஆகும். நடுவில் இருக்கும் கருவிகளையும் சேர்த்தால் 0.6 வினாடி. காசைக் கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது, ஒளி அவ்வளவு வேகத்தில்தான் போகும்.

0.6 வினாடி சின்னதாகத்தான் தோன்றும். ஆனால் இணையம் ஒரே கேள்வி, ஒரே பதிலோடு நடப்பதில்லை. முதலில் முகவரியைத் தேட ஒரு சுற்று, சர்வரோடு கை குலுக்க ஒரு சுற்று, பூட்டு போட்ட இணைப்பை ஏற்படுத்த ஒன்றோ இரண்டோ சுற்று. இப்படி மூன்று நான்கு சுற்று முடிந்த பிறகே பக்கத்தின் முதல் எழுத்து கிளம்புகிறது. அப்போதும் சர்வர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டாது. முதல் சுற்றில் சுமார் 15 கிலோபைட் அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை கிடைத்ததும் அடுத்த சுற்றில் இரண்டு மடங்கு, அதற்கடுத்து நான்கு மடங்கு என்று கூட்டிக்கொண்டே போகும். இந்தக் கணக்கில் 1 மெகாபைட் படம் ஒன்று வந்து சேர ஏழு சுற்று வேண்டும். ஒரு சுற்றுக்கு 0.6 வினாடி என்றால் படத்துக்கு மட்டும் நான்கு வினாடிக்கு மேல். முன்னேற்பாட்டுச் சுற்றுகளையும் சேர்த்தால் ஆறு வினாடியைத் தாண்டும். உங்களுக்கு முன்னால் வேறு யாருமே வரிசையில் இல்லாத நிலையில் இந்தக் கணக்கு! வீட்டு ஃபைபரில் ஒரு சுற்று 20, 30 மில்லி வினாடியில் முடிந்துவிடுவதால் இந்தப் பின்னணி வேலை எதுவும் நம் கண்ணில் படுவதில்லை.

இந்தத் தாமதத்தைச் சமாளிக்கச் செயற்கைக்கோள் நிறுவனங்கள் ஒரு நல்ல உபாயம் வைத்திருந்தன. தூரத்து ஒப்புகைக்குக் காத்திருக்காமல், தரை நிலையத்தில் இருக்கும் கருவியே "வந்துவிட்டது, அடுத்ததை அனுப்பு" என்று சர்வருக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடும். சர்வரும் தயங்காமல் வேகத்தைக் கூட்டும். ஆபீஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழியான வி.பி.என். போட்டதும் எல்லாமே ஒரு மூடிய உறைக்குள் போய்விடுகிறது. நடுவிலிருக்கும் கருவியால் உள்ளே எது கோரிக்கை, எது ஒப்புகை என்று பார்க்க முடியாது. அதனால் அந்த உபாயம் வேலை செய்யாமல் போய், முழுத் தாமதமும் லேப்டாப்பின் தலையில் விழுகிறது. பக்கத்து மேசையில் ஒருவர் சுமாராகச் செய்தித்தளம் படித்துக்கொண்டிருக்க, உங்கள் ஆபீஸ் சர்வர் மட்டும் அசையாமல் நின்றதற்குக் காரணம் இதுதான். எல்லாத் தளங்களும் பூட்டிட்ட இணைப்புக்கு மாறியதும் இதேபோல் இன்னொரு வசதியைக் கொண்டுபோனது. முன்பு நூறு பேர் ஒரே செய்திப் பக்கத்தைக் கேட்டால், கப்பலில் உள்ள சர்வர் ஒரு பிரதியைச் சேமித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்துவிடும். இப்போது நூறு பேருக்கும் நூறு தடவை வானத்துக்குப் போய் வரவேண்டும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் மெல்லிய இணைப்பில் அதன் சுமை தெரியும்.

ஒரு நொடியில் அனுப்பக்கூடிய தகவலின் அளவும் அப்போது மிகச் சொற்பம். ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்யும் கப்பலுக்கே நொடிக்குச் சில மெகாபிட் என்பதுதான் 2000களின் நிலை. செயற்கைக்கோள் வாடகையோ மிக அதிகம். அதனால்தான் நிமிடத்துக்கு 75 சென்ட் என்ற அளவில் கட்டணம் வைத்தார்கள். பக்கம் திறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கும் மீட்டர் ஓடும். வேலை முடிந்ததும் முறையாக லாக்அவுட் செய்யாமல் லேப்டாப்பை மூடிவிட்டால், வாங்கிய நிமிடங்கள் தானாகக் கரையும். அந்த நாளில் கப்பலில் இணையம் பார்த்தவர்கள் மின்னஞ்சலை ஆஃப்லைனில் எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு போட்டு அனுப்பிவிட்டு உடனே வெளியே வந்துவிடுவார்கள்.

எந்தக் கடல் என்பதும் அப்போது பெரிய விஷயம். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பதால், வடக்கே போகப் போக அவை தொடுவானத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டே வரும். 60 டிகிரி வடக்கில் அதிகபட்சம் 22 டிகிரி உயரத்தில்தான் தெரியும். அலாஸ்காவிலும் நார்வேயிலும் கப்பல்கள் செங்குத்தான மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய நீர்வழியில் போகும்போது மலையே செயற்கைக்கோளை மறைத்துவிடும். பனிப்பாறையைப் படம் எடுத்து அங்கிருந்தே அனுப்ப நினைத்தவர்களுக்குச் சிக்னல் இல்லாமல் போனது இதனால்தான். நம் பக்கம் நிலைமை தலைகீழ். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் செயற்கைக்கோள் தலைக்கு மேலே உயரமாக நிற்கும், மலை மறைக்காது. ஆனால் இங்கே மழை வில்லன். உயர்ந்த அதிர்வெண்ணில் போகும் அலைகளைக் கனமழை உறிஞ்சிவிடும். மலாக்கா நீரிணையில் மாலையில் இடியோடு ஒரு மழை பிடித்தால் கொஞ்ச நேரம் இணைப்பு தள்ளாடுவது இயல்பு.

மாற்றம் இரண்டு படிகளில் வந்தது. ஓ3பி என்ற நிறுவனம் 2013-ல் 8,062 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தத் தொடங்கியது. இந்தச் செயற்கைக்கோள்கள் வானத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒன்று அடையும்போது இன்னொன்று எழும், டிஷ்கள் அவற்றைத் துரத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் ஒரு சுற்றுக்கான நேரம் ஏறக்குறைய 0.15 வினாடியாகக் குறைந்தது. ராயல் கரீபியன் நிறுவனம் 2014-ல் தன் பெரிய கப்பலான ஓயாசிஸ் ஆஃப் த சீஸில் இந்தச் சேவையைக் கொண்டுவந்தபோது, கப்பலில் உட்கார்ந்து வீடியோ பார்க்கலாம் என்ற பேச்சு முதன்முறையாக நம்பும்படி ஆனது. கரீபியனுக்கு அது பொருந்தியது. ஓ3பி நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றுவதால் அலாஸ்காவுக்கு உதவவில்லை.

அடுத்த படி, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க். ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில், ஆயிரக்கணக்கில். இவ்வளவு தாழ்வாக இருப்பதால் ஒவ்வொன்றும் சில நிமிடங்களே தலைக்கு மேல் இருக்கும். அதைத் துரத்த மோட்டார் தேவையில்லை. தட்டையான ஆன்டெனா அசையாமல் இருந்தபடி, தன் கதிரை மின்னணு முறையில் திருப்பிக்கொள்கிறது. நடுக்கடலில் தரை நிலையம் ஏது என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. 2021-ன் பிற்பகுதியிலிருந்து ஏவப்பட்டவற்றில் லேசர் இணைப்பு இருக்கிறது. ஒரு செயற்கைக்கோள் இன்னொன்றுக்கு வானத்திலேயே தகவலைக் கைமாற்றி, எங்கோ தொலைவில் இருக்கும் தரை நிலையத்தில் இறக்கும். 2022 ஜூலையில் கடல்சார் சேவையை அறிவித்தபோது இரண்டு ஆன்டெனாவுக்கு 10,000 டாலர், மாதத்துக்கு 5,000 டாலர் என்று விலை சொன்னார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ராயல் கரீபியன், ஃப்ரீடம் ஆஃப் த சீஸ் கப்பலில் சோதித்துப் பார்த்த பிறகு தன் கப்பல்கள் எல்லாவற்றிலும் பொருத்தப்போவதாக அறிவித்தது. கார்னிவல், நார்வீஜியன் என்று மற்றக் கப்பல் நிறுவனங்களும் தொடர்ந்தன. துருவத்தை ஒட்டிய பாதைகளிலும் செயற்கைக்கோள்கள் சுற்றுவதால் அலாஸ்காவின் பழைய குறையும் பெருமளவு தீர்ந்தது.

ஆக, உயரம் என்ற பிரச்சினை இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனாலும் கப்பல் வைஃபை பற்றிய புலம்பல் ஓயவில்லை. தடை வானத்திலிருந்து கீழே இறங்கி, கப்பலுக்குள்ளும் அரசுகளின் விதிகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது என்றே நான் பார்க்கிறேன்.

முதலில் ஆள் கணக்கு. 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகளும் 2,350 ஊழியர்களும் இருக்கலாம். ஏறக்குறைய பத்தாயிரம் பேர், அதாவது ஒரு சிறிய பேரூராட்சி. ஊர் முழுவதற்கும் ஒரே மேல்நிலைத் தொட்டி இருந்து, காலையில் எல்லா வீட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டால் தண்ணீர் எப்படி வரும்? கப்பலிலும் அதுதான் நடக்கிறது. துறைமுகம் எதுவும் இல்லாத நாட்களில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவு உணவுக்கு முன்னாலும் நெரிசல் உச்சத்துக்குப் போகும். துறைமுகத்தில் நிற்கும்போது பாதிப் பேர் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். பெரிய ஃபைல் அனுப்ப வேண்டுமா? அந்த நேரமோ விடிகாலையோதான் சரி.

அப்புறம் இரும்பு. கப்பல் கேபின்களின் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு பொதிந்தவை. காந்தம் கொண்டு கொக்கி ஒட்டலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபை அலைக்கு உலோகத்தைவிடப் பெரிய எதிரி கிடையாது. நடைபாதையில் இருக்கும் கருவியிலிருந்து வரும் சிக்னல் கதவு இடுக்கு வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். புதிய கப்பல்களைக் கட்டும்போதே அறைக்குள் கருவி வைக்க ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். பழைய கப்பல்களில் அது சுலபமில்லை. சென்னையிலிருந்து 2022 ஜூனில் பயணம் தொடங்கி, 2023-ல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போய் வந்த, கோர்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1990-ல் நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கடலில் இறங்கியது. வைஃபைக்கான முதல் தரநிலை வெளிவந்ததே 1997-ல்தான். வைஃபை பிறப்பதற்கு முன் கட்டிய ஓர் இரும்பு வீட்டுக்குள் பிற்பாடு வைஃபையைக் கொண்டுபோவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். கேபினில் சிக்னல் மெலிந்தால் கதவுக்கு அருகே உட்காருங்கள். அதுவும் சரிவராவிட்டால் லவுஞ்சுக்கோ நூலகத்துக்கோ போய்விடுவது மேல். செயற்கைக்கோளைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கட்டணத் திட்டங்கள். பல நிறுவனங்கள் இணையத்தைத் தட்டுத்தட்டாகப் பிரித்து விற்கின்றன. மலிவான திட்டத்தில் சமூக வலைத்தளமும் மெசேஜும் மட்டும் போகும், வீடியோ காலும் வி.பி.என்.னும் அடைபட்டிருக்கும். வாங்கிய பிறகு வேகம் போதவில்லை என்று வரவேற்பு மேசையில் வாதாடுவோரில் பலர், வாங்கியது என்ன திட்டம் என்று பார்க்காதவர்கள். லேப்டாப்பில் வேலை பார்க்க வேண்டுமென்றால் வி.பி.என். உண்டா, வீடியோ கால் உண்டா, ஒரே நேரத்தில் எத்தனை கருவி என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. ஒரு கருவிக்குத்தான் என்றால், போனில் லாக்அவுட் செய்துவிட்டு லேப்டாப்பில் நுழையலாம். இங்கே ஒரு சின்னச் சிக்கல் வரும். இப்போதைய போன்களும் லேப்டாப்களும் அந்தரங்கம் கருதித் தங்கள் வைஃபை முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும். கப்பலின் கணினி அதைப் புதுக் கருவி என்று எண்ணி மறுபடி பணம் கேட்கலாம். கப்பலின் நெட்வொர்க்குக்கு மட்டும் அந்த வசதியை அணைத்து வையுங்கள். விண்டோஸில் அந்த இணைப்பை "மீட்டர்" உள்ளதாகக் குறித்துவிட்டால் பெரிய அப்டேட்கள் தாமாக இறங்காது. போட்டோக்கள் மேகச் சேமிப்புக்குத் தானாகப் போவதையும் நிறுத்திவிட வேண்டும்.

சரி, விதிகளுக்கு வருவோம். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை அந்தந்த நாட்டின் கடல் எல்லை. அதற்குள் ரேடியோ அலையைப் பயன்படுத்த அந்த நாட்டின் அனுமதி வேண்டும். தலைக்கு மேலே செயற்கைக்கோள் பளிச்சென்று இருந்தாலும், அனுமதி இல்லாத கடல் எல்லைக்குள் கப்பல் நுழைந்ததும் சேவையை அணைத்தே ஆகவேண்டும். இந்தியா 2018 டிசம்பரில் விமானம் மற்றும் கடல்சார் இணைப்புக்கான விதிகளை வெளியிட்ட பிறகுதான், நம் கடல் எல்லைக்குள் கப்பல் பயணிகளுக்கு இணையம் கொடுக்க முறையான உரிமப் பாதை திறந்தது. ஸ்டார்லிங்க்குக்கு இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது, இலங்கையில் 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. ஆனால் தரையில் சேவை தரும் உரிமமும் கப்பலுக்கான அனுமதியும் வேறு வேறு. அதனால் நடுக்கடலில் நன்றாக இருந்த இணைப்பு துறைமுகத்தை நெருங்கும்போது நின்றுபோனால் கருவி கெட்டுவிட்டது என்று பதறத் தேவையில்லை.

சொந்தமாகச் செயற்கைக்கோள் கருவியை எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ரவுட்டர், சிறிய டிஷ் போன்றவற்றைப் பல கப்பல் நிறுவனங்கள் தடைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. இந்தியாவுக்குள் அனுமதியில்லாமல் துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் போன் வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் கைதான சம்பவங்கள் உண்டு.

பணம் பெரிதாகப் பறிபோகக்கூடிய இடம் லேப்டாப் இல்லை, சட்டைப்பையில் இருக்கும் போன். பல கப்பல்களில் வைஃபையோடு சேர்த்து ஒரு செல்போன் கோபுரமும் இருக்கிறது. கரையை விட்டுத் தள்ளிப்போனதும் அது உயிர்பெறும். உங்கள் போன் வேறு சிக்னல் கிடைக்காமல் அதைப் பிடித்துக்கொள்ளும். அது எந்த நாட்டையும் சேராத கடல்சார் நெட்வொர்க். நாம் வாங்கும் சர்வதேச ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது, தனிக் கடல் பேக் வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னணியில் ஓடும் செயலிகளே பெரிய பில்லை ஏற்றிவிடும். கப்பல் கிளம்பியதும் போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் தனியாகத் திறந்துகொள்வதே பாதுகாப்பு. கப்பல் நிறுவனத்தின் செயலி அன்றைய நிகழ்ச்சிகள், உணவுப் பட்டியல் எல்லாவற்றையும் பெரும்பாலும் இணையக் கட்டணம் இல்லாமலே காட்டும், ஏனென்றால் அந்தத் தகவல் கப்பலுக்குள்ளேயே இருக்கும் சர்வரிலிருந்து வருகிறது.

ஃப்ளைட் மோடு போட்டதும் நம்மவர்களுக்கு உடனே வரும் தலைவலி ஓ.டி.பி. வங்கி, ஆபீஸ் லாகின் எல்லாம் எஸ்.எம்.எஸ். எண்ணைக் கேட்கும், அது நடுக்கடலில் வந்து சேராது. ஆபீஸ் கணக்குகளுக்கு எண்களைத் தானே உருவாக்கும் செயலியைப் புறப்படுவதற்கு முன்பே பொருத்தி வைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. அதற்குச் சிக்னலே தேவையில்லை, போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். இந்தக் கடிகார விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் கப்பல் மலாக்கா நீரிணை வழியாகப் போகும்போது ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். ரோமிங்கைத் திறந்து வைத்திருந்தால் போன் எந்தக் கரையின் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று கையால் மணியைத் திருப்பிவைத்தால் செயலி உருவாக்கும் எண்கள் தவறிப்போகும். மணியைத் தொடாமல் நேர மண்டலத்தை மட்டும் மாற்ற வேண்டும். இன்னொன்று, கப்பலிலிருந்து இணையத்தில் நுழைந்தால், செயற்கைக்கோளின் தரை நிலையம் எந்த நாட்டில் இருக்கிறதோ அங்கே நீங்கள் இருப்பதாகத்தான் வங்கிக்குத் தெரியும். கணக்கை முடக்கிவிடாமல் இருக்க முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேபினில் அமெரிக்க வகை 110 வோல்ட் பிளக்கும் ஐரோப்பிய வகை 220 வோல்ட் பிளக்கும் இருப்பது வழக்கம். லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ஆனால் நம் ஊர் மூன்று குண்டு முனைகள் அதில் நுழையாது. ஓர் அடாப்டர் அவசியம். சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்துப்போகாதீர்கள், பறிமுதல் செய்வார்கள். கெடுபிடி அதிகம் என்று சலித்துக்கொள்ள வேண்டாம், இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தரையில் மின்கம்பிகளில் ஒன்று நிலத்தோடு இணைந்திருக்கும். கப்பல்களில் பெரும்பாலும் எந்தக் கம்பியும் உடலோடு இணைந்திருக்காது, இரண்டிலும் மின்னழுத்தம் இருக்கும். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் வீட்டுப் பெட்டி அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-ல் இதுபற்றித் தனி எச்சரிக்கையே விட்டது.

வைஃபை செத்துப்போனால் கப்பலே உலகத்திடமிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று சிலர் பயப்படுவதுண்டு. அப்படி இல்லை. பயணிகளின் இணையமும் கப்பலின் பாதுகாப்புத் தொடர்பும் தனித்தனி. இப்படிப் பிரிந்திருப்பதன் அருமை 1912-ஐ நினைத்தால் புரியும். டைட்டானிக்கில் பயணிகள் கரைக்குத் தந்தி அனுப்பலாம். முதல் பத்துச் சொல்லுக்குப் பன்னிரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், அன்றைக்கு அது பெரிய தொகை. தந்தி அறையில் இருந்த ஜாக் பிலிப்ஸும் ஹெரால்ட் பிரைடும் அந்தச் சேவையை நடத்திய மார்க்கோனி நிறுவனத்தின் ஆட்கள். ஏப்ரல் 14 இரவு, அருகிலிருந்த கலிஃபோர்னியன் கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டதாகச் செய்தி அனுப்பியபோது, பயணிகளின் தந்திகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்த பிலிப்ஸ் "வாயை மூடு, வேலையாக இருக்கிறேன்" என்ற பொருளில் பதில் தந்தார். ஒரே கருவி, ஒரே காது, ஒரே வரிசை. அந்த விபத்துக்குப் பிறகு கடல் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் 1914-ல் உருவாகி, இடைவிடாத ரேடியோ கண்காணிப்பைக் கேட்டது. பல படிகள் கடந்து, 1999 பிப்ரவரி முதல் உலகளாவிய கடல் ஆபத்துத் தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இன்று எத்தனை பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஆபத்துக் குரலுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும்.

பயணிகளின் வேகம் பற்றி இவ்வளவு பேசும்போது நாம் மறந்துவிடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. நமக்கு ஒரு வாரம் இணையம் மந்தமானால் எரிச்சல். சமையலறையிலும் எஞ்சின் அறையிலும் சலவைக்கூடத்திலும் இருக்கும் ஊழியர்களுக்குக் கப்பல்தான் ஆறு, எட்டு மாத வீடு. பிலிப்பீன்ஸ், இந்தியா, இந்தோனேசியா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், நம் கடலோர மாவட்டத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. குழந்தையின் முகத்தைப் பார்க்க அவர்களும் அதே வானத்துக்குத்தான் போய் வரவேண்டும். நீண்ட காலம் அவர்கள் சொந்தக் காசில் நிமிடம் வாங்கினார்கள், அல்லது துறைமுகத்தில் இறங்கி இலவச வைஃபை கிடைக்கும் மாலுமிகள் மையத்தைத் தேடினார்கள். 2020-ல் கொரோனா முடக்கத்தால் பல்லாயிரம் ஊழியர்கள் கரை இறங்க முடியாமல் கப்பலிலேயே மாதக்கணக்கில் கிடந்தபோதுதான், இணையம் அவர்களுக்கு எவ்வளவு அடிப்படையான தேவை என்பது எல்லோருக்கும் உறைத்தது.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-க்கு 2022-ல் திருத்தங்கள் ஏற்கப்பட்டு, 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. கப்பலில் வேலை செய்பவர்களுக்கு இணைய வசதி உள்ளிட்ட சமூகத் தொடர்பை உரிமையாளர் முடிந்தவரை தரவேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. இந்தியா அந்த உடன்படிக்கையை 2015-லேயே ஏற்றுக்கொண்ட நாடு. நியாயமான கட்டணம் என்பது எவ்வளவு என்று திருத்தம் வரையறுக்கவில்லை. மாதம் 5,000 டாலர் வாடகை சொன்ன இணைப்பைப் பல ஆயிரம் பயணிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று விற்கும் தொழிலில், ஊழியருக்கு அதை இலவசமாகவே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.